ஒரே உணவு, வெவ்வேறு உடல்கள்: எடைக் குறைப்பில் மரபணுவின் பங்கு

(ஹைதராபாத், ஏ.எஸ்.ராவ் நகரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் சமைத்த உணவை உண்டு வளரும் இருவருள் ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருப்பதை எல்லோரும் கண்டிருப்பர். எடையைக் குறைக்க வேண்டுமென்று அலுவலகத் தோழர் இருவர் ஒரே நாளில் ஒரே வகைக் கட்டுப்பாட்டு உணவைத் தொடங்குகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்கள் கழிந்தபின் ஒருவர் நன்கு மெலிந்திருப்பார். மற்றவரின் எடையோ தொடங்கிய இடத்திலேயே நின்றிருக்கும். எடை குறையாதவரைப் பார்த்து, "வாயைக் கட்டத் தெரியாதவர்" என்று சுற்றத்தார் தீர்ப்புக் கூறுவர். அத்தீர்ப்பு எந்த அளவுக்கு நியாயமானது? உணவுக் கட்டுப்பாடு தரும் பயன் ஆளுக்கு ஆள் மாறுபடுவதற்கு மரபணு எவ்வளவு பொறுப்பு? மரபணுவைச் சோதித்து, இன்னாருக்கு இன்ன உணவு என்று வகுத்துவிட முடியுமா? இவை மருத்துவர் மட்டும் ஆராயவேண்டிய கேள்விகள் அல்ல; மக்கள் நல்வாழ்வுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடும் பொறுப்பில் உள்ளோரும் ஆராயவேண்டியவை.

இக்கேள்விகளை எழுப்ப ஏ.எஸ்.ராவ் நகர் பொருத்தமான இடமேயாகும். இந்திய எலெக்ட்ரானிக்ஸ் கழகம் 1967-இல் தோன்றுவதற்கு முதற்காரணமாயிருந்த விஞ்ஞானி ஐயாகரி சாம்பசிவ ராவின் பெயரைத் தாங்கி நிற்பது இப்பகுதி. இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், தார்நாகாவில், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் உள்ளது. ஹப்சிகுடாவில் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையம் அமைந்துள்ளது. முன்னது உணவை ஆராய்கிறது. பின்னது மரபணுவை ஆராய்கிறது. இன்றைய பொருள் இவ்விரு துறைகளும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது.

பசியின் காலத்தில் எழுந்த கேள்வி

தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர் நீலகிரியில் உள்ளது. 1918-இல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய சிறிய ஆய்வுக்கூடமே வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, 1969-இல் இன்றைய பெயரைப் பெற்றது. சேலத்தில் பிறந்த சி.கோபாலன் இந்நிறுவனத்தை வழிநடத்திய காலத்தில் நாட்டின் முதன்மைக் கவலை பசியாக இருந்தது. கடும் ஊட்டக்குறைவுக்கு ஆளான குழந்தைகளுள் சிலர் உடல் வீங்கி, 'குவாஷியோர்கர்' என்னும் நோய்க்கு ஆளாயினர்; வேறு சிலர் உடல் வற்றி, எலும்பும் தோலுமாகி, 'மராஸ்மஸ்' என்னும் நிலையை அடைந்தனர். புரதக் குறைவால் முன்னதும், மொத்த உணவுக் குறைவால் பின்னதும் உண்டாகின்றன என்பதே அன்று உலகெங்கும் நிலவிய கருத்தாகும்.

ஆனால் அக்குழந்தைகள் உண்ட உணவைக் கோபாலன் கணக்கிட்டபோது, இரு சாராரின் உணவிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒரே வகையான குறை உணவுக்கு உடல்கள் வெவ்வேறு விதமாக ஈடுகொடுக்கின்றன என்ற முடிவை அவர் 1968-இல் வெளியிட்டார். உணவு ஒன்றாயினும் உடலின் மறுமொழி ஒன்றன்று என்னும் உண்மை, இவ்வாறு பசியின் காலத்திலேயே ஹைதராபாத்தில் உணரப்பட்டதாகும். மிகை எடையின் காலத்தில் அதே கேள்வி மறுமுனையிலிருந்து எழுகிறது.

பிரச்சினையின் அளவு

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியப் பெண்களுள் 24 சதவீதத்தினரும் ஆண்களுள் 22.9 சதவீதத்தினரும் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். நான்காவது ஆய்வில் இவ்விகிதங்கள் முறையே 20.6, 18.9 என இருந்தன. தமிழ்நாட்டில் பெண்களுள் 40.4 சதவீதம் என்ற அளவை இது எட்டியுள்ளது. அதே ஆய்வில், நாட்டின் பெண்களுள் 18.7 சதவீதத்தினர் தேவைக்கும் குறைந்த எடையுடன் இருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-இல் வெளியான பேராய்வு ஒன்று, நாட்டில் நீரிழிவு நோயாளிகள் ஏறத்தாழ 10 கோடியே 10 லட்சம் பேர் என மதிப்பிட்டது.

ஒரு தலைமுறைக் காலத்தில் மக்களின் மரபணுக்கள் மாறிவிடுவதில்லை. மாறியவை உணவும், உழைப்பும், சூழலுமே. ஆகவே நாட்டில் உடற்பருமன் பெருகியதற்கு மரபணு காரணம் அன்று. ஆனால் மாறிய சூழலில் யார் முதலில் பருக்கிறார், யார் பருக்காமல் தப்புகிறார் என்பதில் மரபணுவுக்குப் பெரும் பங்கு உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிவது இப்பொருளின் முதற்பாடம்.

இரட்டையர் தந்த சான்று

ஒரே கருவிலிருந்து தோன்றும் இரட்டையர் மரபணுவில் ஏறக்குறைய ஒத்தவர். கனடாவின் லாவால் பல்கலைக்கழகத்தில் குளோட் புஷார் தலைமையில் நடந்து, 1990-இல் வெளியான சோதனையில், இத்தகைய இளைஞர் 12 இணையருக்கு வாரத்தில் 6 நாட்கள், நாள் ஒன்றுக்கு 1,000 கலோரி மிகையாக உணவளிக்கப்பட்டது. கண்காணிப்பில் கழிந்த 100 நாட்களில் மிகை உணவு தரப்பட்ட நாட்கள் 84. எல்லோருக்கும் மிகை உணவு ஒன்றே. ஆயினும் எடை கூடியது 4.3 கிலோ முதல் 13.3 கிலோ வரை வேறுபட்டது. இதில் கருதத்தக்கது, ஒரே இணையைச் சேர்ந்த இருவரும் ஏறத்தாழ ஒன்றுபோலவே பருத்தனர் என்பதாகும். இணைகளுக்கிடையே காணப்பட்ட வேறுபாடு, இணைக்குள் காணப்பட்டதைப்போல் மும்மடங்கு இருந்தது. பின்னர் உணவை மாற்றாமல் உடற்பயிற்சியால் மட்டும் எடையைக் குறைத்த சோதனையிலும் இரட்டையர் ஒத்த அளவிலேயே மெலிந்தனர்.

எனவே, ஒரே கட்டுப்பாட்டைக் கைக்கொண்டும் ஒருவருக்கு எடை குறையாததற்கு அவருடைய மன உறுதியின்மை மட்டுமே காரணம் எனல் அறிவியலுக்கு ஒவ்வாது. உடலின் அமைப்பும் அங்கே தன் கணக்கை நடத்துகிறது.

மரபணுக்கள் செய்யும் பணி

மிக அரிதாக, ஒற்றை மரபணுவின் பழுதே கடும் பருமனை உண்டாக்குவதுண்டு. கொழுப்புத் திசுவில் சுரந்து, 'போதும்' என்னும் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் 1994-இல் கண்டறியப்பட்டது. இதைச் சுரக்கும் ஆற்றலின்றிப் பிறந்த, பாகிஸ்தானிய வழிவந்த இரு குழந்தைகளைப் பற்றி இங்கிலாந்தில் 1997-இல் செய்தி வெளியாயிற்று. தணியாப் பசியால் வருந்திய இத்தகைய குழந்தைக்கு லெப்டின் ஊசி செலுத்தியதும் பசி அடங்கி எடை குறைந்தது. இங்கே மரபணுச் சோதனை உயிர்காக்கும் கருவியாகும். நெருங்கிய உறவில் மணம் புரியும் வழக்கமுள்ள சமூகங்களில், கைக்குழந்தைப் பருவத்திலேயே மிகையாகப் பருக்கும் குழந்தைகளை மரபியல் மருத்துவரிடம் அனுப்புவது கடமையாகிறது.

பெரும்பாலோரின் நிலை இதனின்று வேறானது. அவர்களிடம் எண்ணற்ற மரபணுக்கள் ஒவ்வொன்றும் சிறு அளவில் செயற்படுகின்றன. 2007-இல் கண்டறியப்பட்ட எஃப்.டி.ஓ. என்னும் மரபணுவின் ஒரு வகையைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஐரோப்பியர், அதனைப் பெறாதவரைக் காட்டிலும் சராசரியாக 3 கிலோ அதிக எடை கொண்டிருந்தனர். இவ்வகையைப் பெற்ற குழந்தைகள் சற்று அதிகமாக உண்பதும் அறியப்பட்டது. இந்திய வழிவந்தோரிடம் 2008-இல் ஆராயப்பட்டு வெளிப்பட்ட எம்.சி.4.ஆர். மரபணு அருகிலுள்ள வேறுபாடு, இடுப்புச் சுற்றளவோடு தொடர்புடையது. ஆனால் 2015 வரை உறுதிப்பட்ட 97 மரபிடங்களையும் ஒன்றாகக் கூட்டினாலும், மக்களிடையே காணப்படும் உடல் நிறைக் குறியீட்டெண் வேறுபாட்டில் 3 சதவீதத்தைக்கூட அவற்றால் விளக்க முடியவில்லை. (உடல் நிறைக் குறியீட்டெண் என்பது கிலோகிராமில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் எண்ணாகும்.)

இந்திய உடலின் தனித்தன்மை

ஐரோப்பியரிடம் கண்ட முடிவை இந்தியருக்கு அப்படியே பொருத்துவது பிழையாகும். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த கிரிராஜ் சந்தக், புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக் ஆகியோர் அடங்கிய குழு 2009-இல் வெளியிட்ட ஆய்வில், எஃப்.டி.ஓ. வேறுபாடு இந்தியரிடையே நீரிழிவுடன் வலுவான தொடர்பு கொண்டிருப்பது தெரிந்தது. அத்தொடர்பு முழுவதையும் உடல் எடையால் மட்டும் விளக்க முடியவில்லை. அதாவது, ஐரோப்பியரிடம் பருமன் வழியாக நோய்க்கு இட்டுச்செல்லும் மரபணு, இந்தியரிடம் வேறு வழியிலும் செல்வதாகத் தோன்றுகிறது.

யாக்னிக் குழுவின் மற்றொரு கண்டுபிடிப்பும் இங்கு நினைவுகூரத்தக்கது. புனேயின் சுற்றுப்புறச் சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்திருந்தும், இந்தியக் குழந்தையின் தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை; குறைந்தது தசையே. மெலிந்த தோற்றத்துக்குள் கொழுப்பைச் சுமக்கும் இவ்வியல்புக்குத் தாயின் ஊட்டக்குறைவுக்கும் பங்குண்டு என்பதால், இதனை மரபணுவின் கணக்கில் மட்டும் எழுதிவிடலாகாது. இவ்வியல்பு கருதியே இந்தியருக்குக் குறியீட்டெண் 23-ஐ எட்டினாலே மிகை எடை என்றும், 25-ஐ எட்டினால் பருமன் என்றும் 2009-இல் இந்திய வல்லுநர்கள் வரையறுத்தனர்.

உணவும் மரபணுவும் ஒன்றையொன்று பாதிப்பதைச் சென்னை நகர ஆய்வு ஒன்று காட்டுகிறது. 2016-இல் வெளியான அதன் முடிவின்படி, மாவுச்சத்தை மிக அதிகமாக உண்போரிடையே எஃப்.டி.ஓ.வின் ஒரு வகையைக் கொண்டவர்கள், அதைக் கொண்டிராதவரைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பருமன் வாய்ப்புடையவர்களாக இருந்தனர். இப்பிரிவினர் பெற்ற ஆற்றலில் சுமார் 70 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வந்தது. மரபணு துப்பாக்கி எனின், தட்டு நிறைந்த சோறு அதன் விசை எனலாம். பல நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வுகளை 2011-இல் ஒன்றுதிரட்டிக் கணக்கிட்டபோது, உடலுழைப்பு உள்ளோரிடம் எஃப்.டி.ஓ.வின் தீங்கு கால்பங்குக்கு மேல் குறைந்திருந்தது.

மரபணு பார்த்து உணவு வகுக்கலாமா?

இத்துணைச் சான்றுகள் இருக்கையில், மரபணுவைப் பார்த்து உணவைத் தேர்ந்தெடுப்பதே அறிவுடைமை என்று தோன்றும். அக்கருத்தை நேராகச் சோதித்தவர் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கார்ட்னர். 2018-இல் வெளியான அவருடைய ஆய்வில், மிகை எடை கொண்ட 609 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குக் கொழுப்பு குறைந்த உணவு. மற்றொன்றுக்கு மாவுச்சத்து குறைந்த உணவு. எவருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டிச் சொல்லக்கூடியதாகக் கருதப்பட்ட மூன்று மரபணு வேறுபாடுகளும் பதிவு செய்யப்பட்டன. ஓராண்டு முடிவில் முதற்பிரிவினர் சராசரியாக 5.3 கிலோவும், இரண்டாம் பிரிவினர் 6 கிலோவும் குறைந்தனர். இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. மரபணுவுக்குப் 'பொருந்திய' உணவை உண்டவர் கூடுதலாக மெலியவுமில்லை. 'பொருந்தாத' உணவை உண்டவர் பின்தங்கவுமில்லை. ஆனால் இரு பிரிவிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிதாக இருந்தது. சிலர் 25 கிலோவுக்கு மேல் மெலிந்தனர், சிலர் பருத்தனர். வேறுபாடு உண்மை, அதன் காரணத்தைச் சுட்டும் மரபணு அடையாளம் அகப்படவில்லை.

எஃப்.டி.ஓ. பற்றி நடந்த 8 ஆய்வுகளின் 9,563 பேரின் விவரங்களை 2016-இல் தொகுத்தபோதும் இதே முடிவு கிட்டியது. இம்மரபணுவின் பருமன் வகையைக் கொண்டவர், மற்றவரைப் போலவே கட்டுப்பாட்டால் எடையைக் குறைத்தனர். மனச்சோர்வுற்றோருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. பருக்கும் வாய்ப்பைத் தரும் மரபணு, மெலியும் வாய்ப்பைப் பறிப்பதில்லை. ஐரோப்பாவின் 7 நாடுகளில் நடந்த மற்றொரு சோதனையில், தனி ஒருவரின் பழக்கத்தை ஆராய்ந்து கூறிய அறிவுரை பொதுவான அறிவுரையைவிடப் பயன் தந்தது. ஆயினும் மரபணுச் செய்தியை அதனோடு சேர்த்ததால் கூடுதல் பயன் விளையவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் நடந்து 2019-இல் வெளியான இன்னொரு சோதனை எச்சரிக்கை தருவதாகும். உண்மையான மரபணு எதுவாயினும், பாதுகாப்பான வகை இருப்பதாகச் சிலருக்கும், பருமன் வகை இருப்பதாகச் சிலருக்கும் கூறப்பட்டது. பாதுகாப்பான வகை என்று கேட்டவர்களுக்கு உணவுக்குப்பின் வயிறு நிறைந்த உணர்வு மிகுந்தது. நிறைவைத் தரும் ஹார்மோனும் இரத்தத்தில் அதிகரித்தது. சொல் உடலையே மாற்றுகிறது. "உன் மரபணு சரியில்லை" என்று காசு வாங்கிக்கொண்டு சொல்லும் அறிக்கை, காகிதத்தோடு நிற்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆகவே எச்சிலையோ இரத்தத்தையோ பெற்றுக்கொண்டு 'உமக்குரிய உணவு' என்று பட்டியல் தரும் வணிகச் சோதனைகளுக்கு இன்றைய அறிவியலில் போதிய ஆதாரம் இல்லை. பொதுநிதியில் அவற்றை வாங்குவதற்கோ, ஊழியர் நலத் திட்டங்களில் சேர்ப்பதற்கோ நியாயமில்லை. மரபணு விவரம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று. அவர் குடும்பத்துக்கும் உரியது. அது காப்பீட்டு நிறுவனத்தின் கையிலோ, வேலை தருவோர் கையிலோ சிக்கினால் விளையும் தீங்கு பெரிது. மரபணுக் காரணத்தைக் காட்டிக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடாகும் என்று 2018-இல் டெல்லி உயர்நீதிமன்றம் கூறியது இத்தொடர்பில் கருதத்தக்கது.

செய்யத்தக்கவை

முதலாவதாக, தட்டில் உள்ளதை மாற்றுதல். 2025-இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, இந்தியரின் உணவு ஆற்றலில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தும், 12 சதவீதம் மட்டுமே புரதத்திலிருந்தும் கிடைக்கிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், தானியத்தின் பங்கு 45 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும் என்கின்றன. இவ்விடைவெளிக்கு மரபணு காரணமன்று, விலையே பெருங்காரணம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பசியை அகற்றப் பேருதவி புரிந்தது. ஆனால் நியாயவிலைக் கடைகள் வழியாக அது உறுதி செய்வது தானியத்தை மட்டுமே. அரிசி இலவசமாகவும் பருப்பு விலை உயர்ந்தும் இருக்கும் வீட்டில், சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுக என்னும் அறிவுரை செல்லாக்காசாகிவிடும். 2007 முதல் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகள் மூலம் துவரம்பருப்பு சலுகை விலையில் வழங்கப்பட்டு வருவது, ஏனைய மாநிலங்கள் ஆராயத்தக்க முன்மாதிரியாகும்.

இரண்டாவதாக, பதப்படுத்திய உணவின் பெருக்கம். 2022-23-ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வில், பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்திய உணவுகள் ஆகியவை நகரக் குடும்பச் செலவில் 10.64 சதவீதத்தையும், கிராமத்தில் 9.62 சதவீதத்தையும் பிடித்திருந்தன. தானியங்களுக்கான செலவு கிராமத்திலும் 5 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு ஆகியவற்றின் அளவை எல்லோர்க்கும் விளங்கும்படி உறையின்மேல் அச்சிடச் செய்வது, ஆயிரம் மரபணுச் சோதனைகளைவிடப் பயன் தரும்.

மூன்றாவதாக, வெற்றியை எடைப்பொறியால் மட்டும் அளவிடாமை. சென்னையில் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி, 2006-இல் வெளியிட்ட நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், நோயின் விளிம்பில் இருந்த 531 பேர் கலந்துகொண்டனர். உணவையும் உடலுழைப்பையும் திருத்திக்கொண்ட பிரிவினரிடம் நீரிழிவு தோன்றும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களின் எடையோ குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. எடை குறையாவிடினும் முயற்சி வீணாவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான இந்தியச் சான்று வேண்டுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியர், எடை குறையாதவரைக் கடிந்துகொள்வதை விடுத்து, அவருடைய இரத்தச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இடுப்பளவையும் நடையையும் குறித்துவைத்து ஊக்குவிப்பாராயின், பலர் முயற்சியைக் கைவிடாதிருப்பர்.

நான்காவதாக, ஆராய்ச்சி. எடை பற்றிய மரபணு அறிவின் பெரும்பகுதி ஐரோப்பியரிடமிருந்து திரட்டப்பட்டது. உயிரித் தொழில்நுட்பத் துறையின் 'ஜீனோம் இந்தியா' திட்டத்தில் 10,000 இந்தியரின் மரபுத்தொகுதி வாசிக்கப்பட்டு, அவ்விவரங்கள் 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. அடித்தளம் இட்டாயிற்று. அதன்மேல், இந்திய உணவை இந்திய உடல்கள் எவ்வாறு ஏற்கின்றன என்பதை ஆண்டுக்கணக்கில் சோதித்தறியும் ஆய்வுகள் எழும்ப வேண்டும். மாணவர்களுக்கு இத்துறை பரந்த களமாகும்.

கோபாலன் 1968-இல் கண்ட உண்மை இன்றும் வழிகாட்டுகிறது. உடல்கள் வேறுபடுகின்றன, ஆயினும் அக்குழந்தைகளைக் காப்பாற்றியது வேறுபாட்டை அறிந்த அறிவு மட்டுமன்று, போதிய உணவே. அதுபோலவே இன்றும், எந்த உடலுக்கு எந்த உணவு என்பதை அறிவியல் முற்றக் கண்டறியும் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. எல்லா உடலுக்கும் ஏற்ற உணவை எல்லோருக்கும் எட்டும் விலையில் கிடைக்கச் செய்வது ஆட்சியாளரின் கடமை. எடை குறையாத அண்டை வீட்டாரை இகழாதிருப்பது ஒவ்வொருவரின் கடமை. முன்னதற்குப் பொருள் வேண்டும். பின்னதற்குச் செலவு ஏதுமில்லை.